சஹனில் ஒரு கை

ஈரச் சுண்ணாம்பில் கருப்பட்டித் தண்ணீர் கலந்தால் ஒரு வாசனை வரும். வீடு கட்டுகிறார்களா, பலகாரம் சுடுகிறார்களா என்று வழியில் போகிறவர்களுக்குச் சந்தேகம் வரும். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீடு முழுக்க அந்த வாசனைதான். யாரும் பார்க்காத நேரத்தில் சுவரை நக்கிக்கூடப் பார்த்திருக்கிறேன். தரங்கம்பாடிக்குத் தெற்கே, கடல் உப்பு சுவர்களில் வெள்ளையாகப் பூத்து உதிர்கிற ஊர் எங்களுடையது. கப்பல் வியாபாரம் செய்த முன்னோர் யாரோ பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திக் கட்டிய வீடு. ஒரு ஐப்பசி மழையில் கூடத்துக் கூரை பாதி இறங்கிவிட, மீதிப் பாதியின் கீழ் ஒழுகுகிற இடங்களிலெல்லாம் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நாங்கள் குடியிருந்தோம். பழைய கட்டடங்களைச் சரிசெய்கிறவர்கள் சென்னையிலிருந்து வந்து, கடுக்காய் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு அரைத்து, ஓடு மாற்றி, தூண்களுக்கு எண்ணெய் பூசி, அந்த வீட்டைப் பழைய வீடாகவே எழுப்பி நிறுத்தினார்கள். பதிலுக்கு, அவர்கள் அனுப்புகிற ஆட்களுக்குக் கூடத்தைத் திறந்து காட்ட வேண்டும், மத்தியானம் வீட்டுச் சாப்பாடு போட வேண்டும்.

வாப்பா உடனே சரியென்றார். அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம், அம்மாவை உம்மா என்போம். வருகிறவர்கள் சென்னைக்காரர்களிடம் காசு கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததை எங்கோ ஒரு மாடத்தில் எடுத்து வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து நின்று, ஊர் உலகத்துச் சம்பந்தி வந்ததுபோல "வாங்க, வாங்க" என்று இரண்டு கையாலும் அழைப்பார்.

சாப்பாடு சஹனில். ஈயம் பூசிய பெரிய செம்புத் தட்டு அது. நடுவில் நெய்ச்சோறு, சுற்றிலும் கறி ஆணம் என்கிற குழம்பும் பருப்புத் தாளிச்சாவும் கத்தரிக்காய்ப் பச்சடியும். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து அள்ளிச் சாப்பிட வேண்டும். ஆண்கள் வந்தால் அவர்களோடு வாப்பா உட்காருவார், பெண்கள் வந்தால் உள்ளே உம்மா உட்காருவாள். விருந்தாளியைத் தனியாகச் சாப்பிட விடுவது என்பது எங்கள் வீட்டில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். ஒற்றைத் தட்டு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது, நீலப்பூப் போட்ட பீங்கான்; காய்ச்சல் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுப்பதற்கு. "தனித்தட்டு நோயாளிக்குடீ" என்பாள் உம்மா. வாப்பா சொல்வது வேறு: "வந்தவங்க கைய எடுக்குற வரைக்கும் நம்ம கை சஹன்ல இருக்கணும்." வீட்டுக்காரன் முதலில் கையை எடுத்தால் போதும் எழுந்திரு என்று விருந்தாளியிடம் சொன்ன மாதிரியாம். அதனால் வாப்பா மெல்ல மெல்லத்தான் சாப்பிடுவார், கடைசியில் நாலு பருக்கையை விரல் நுனியால் தட்டில் அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டே காத்திருப்பார்.

என் வேலை கெண்டி. மூக்கு வைத்த அந்தப் பித்தளைப் பாத்திரத்தால் வந்தவர்கள் கையில் தண்ணீர் ஊற்றி, கீழே படிக்கம் என்கிற அகன்ற கிண்ணத்தில் பிடித்துக்கொள்வேன். உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து சஹனைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சோறு குறைந்தால் அகப்பைக் காம்பால் கதவில் இரண்டு தட்டு, நான் ஓடிப்போய் மறுசோறு வாங்கி வர வேண்டும்.

உண்மையைச் சொல்வதென்றால், விருந்தாளி வராத நாட்களில் எங்களுக்குப் பருப்பும் கருவாடும்தான். ரம்பை இலை போட்ட நெய்ச்சோறு வாசலில் கார் நின்றால் மட்டுமே. காரின் சத்தம் கேட்டதுமே எனக்கு வாயில் நீர் ஊறும். அதில் வெட்கப்பட ஏதுமிருப்பதாக அந்த மத்தியானம் வரை எனக்குத் தோன்றியதில்லை.

அன்று சென்னையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள், ஒரே அலுவலகத்துக்காரர்கள். நம் தமிழ் ஆட்கள்தான். நல்ல மாதிரியாகப் பேசினார்கள், தூணைத் தொட்டுப் பார்த்தார்கள், செருப்பை ஒழுங்காக ஓரம் விட்டார்கள். வாப்பா நான்காவது ஆளாக உட்கார்ந்தார். பேச்சும் சிரிப்புமாகச் சாப்பாடு நடந்தது. ஆனால் முடிகிற மாதிரி இல்லை. முதல் சோறு தீர்ந்தது, கதவில் தட்டு விழுந்தது, மறுசோறு வந்தது. அதுவும் தீர்ந்தது, கதவில் மறுபடி தட்டு விழுந்தது. மூன்று பேருக்கும் நெற்றியில் வேர்வை. ஒருவர் இடுப்பு வாரைத் தளர்த்திக்கொண்டார். வாப்பாவுக்கோ மூச்சு வாங்கியது, ஆனாலும் கை சஹனில் இருந்தது, ஒரு பருக்கை, இரண்டு பருக்கை என்று. இவர்கள் ஏன் நிறுத்தமாட்டேன் என்கிறார்கள் என்று எனக்கே கோபம் வந்தது. எனக்குப் பானையைப் பற்றிக் கவலை.

அப்போது கண்ணாடி போட்டவர், வாய் அசைவது தெரியாமல், பக்கத்தில் இருந்தவரிடம் இங்கிலீஷில் சொன்னார். நாம் வந்தால்தான் இந்த மனிதருக்கு இப்படி ஒரு சாப்பாடு கிடைக்கும் போலிருக்கிறது, பாவம், சாப்பிடட்டும், பொறுத்துக்கொள்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான்காவது படித்தேன். பேச வராது, கேட்டால் புரியும். கெண்டி என் கையில் கனத்தது. வாப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. பருக்கையை நகர்த்திக்கொண்டிருந்த விரல்கள் மட்டும் ஒரு கணம் நின்று, பிறகு நகர்ந்தன.

கடைசியில் இடுப்பு வாரைத் தளர்த்தியவர்தான் தாங்க முடியாமல், "நீங்க முதல்ல எந்திரிங்க பாய், உங்களுக்கு முன்னாடி நாங்க எந்திரிக்கக் கூடாது, அது மரியாதை இல்லன்னு சொல்லி அனுப்பிச்சிருக்காங்க" என்றார். வாப்பா அவரையே பார்த்தார். "நல்லாச் சொன்னாங்க போங்க. நீங்க கைய எடுக்கட்டும்னுதான் நான் இவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன்." கூடமே அதிரச் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் உம்மா சிரிப்பது எனக்குக் கேட்டது. கண்ணாடிக்காரரும் சிரித்தார், சிரித்து முடித்துவிட்டு, ஏதோ நினைவு வந்ததுபோல, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில்தான் நான் கடைசியாகத் தண்ணீர் ஊற்றினேன். பெயர் என்ன என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

கார் போன பிறகு வாப்பாவின் கைக்கு ஊற்றினேன். விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினார்.

"அவங்க நடுவுல இங்கிலீஷ்ல என்னமோ பேசிக்கிட்டாங்களே, ஒனக்கு வெளங்குச்சா?"

"இல்ல வாப்பா."

"எனக்கும் வெளங்கல" என்றார்.

கல்யாணத்துக்கு முன்பு பினாங்கில் ஜவுளிக்கடையில் நின்று, வெள்ளைக்காரிகளுக்குத் துணி கிழித்துக் கொடுத்தவர் வாப்பா.

மறுநாள் காலை பஸ் ஏறிப் போய் பீங்கான் தட்டுகள் வாங்கி வந்தார், எல்லாம் வெள்ளை, வைக்கோலில் சுற்றி. உம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வர்றவங்க எல்லாருக்கும் காச்சலா?" என்று கேட்டாள். "தனித்தனியா வச்சாதான் அவங்களுக்கு வசதி" என்றார் வாப்பா. அதற்குப் பிறகு அவர் விருந்தாளிகளோடு உட்காரவில்லை. தூண் ஓரமாக நின்று, வேணுமா என்று கேட்டு, தலையாட்டி, சிரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார், நெய்ச்சோறு மிஞ்சியிருந்தாலும் தொடமாட்டார்.

என்னைக் குடைந்தது அந்தப் பேச்சு இல்லை. அந்த ஆள் சொன்னது கொஞ்சம் நிஜமாக இருந்துவிடுமோ என்பதுதான். கார் நின்றால் எனக்கு வாயில் ஊறிய நீர் வாப்பாவுக்கும் ஊறியிருக்குமோ? அத்தனை மத்தியானங்களும் அவர் கை சஹனில் இருந்தது வந்தவர்களுக்காகவா, சோற்றுக்காகவா? அன்றிலிருந்து நான் என் தகப்பனின் கையைப் பார்க்கத் தொடங்கினேன். கல்யாண வீடுகளில், பெருநாள் காலைகளில், பிறகு திருச்சியில் என் வீட்டுக்கு அவர் வந்து தங்கிய நாட்களில், எவ்வளவு எடுக்கிறார், எப்போது நிறுத்துகிறார் என்று, ஒரு காவல்காரியைப் போல. அந்தப் பழக்கத்தைக் கைவிட முடிந்ததே இல்லை. எழுதும்போதே முகம் சுடுகிறது.

உம்மா மறைந்து, நாங்கள் ஊரைவிட்டு வந்து வெகுகாலமாகிறது. வீடு இப்போது முழுக்கத் தங்கும் விடுதி. போன தை மாதம் வாப்பா ஒருமுறை பார்க்க வேண்டும் என்றதால், போனில் பதிவு செய்து, காசு கட்டி, எங்கள் கூடத்துக்கே விருந்தாளியாகப் போனோம். பர்மாத் தேக்கு அப்படியே நிற்கிறது. மேசை, நாற்காலி, ஆளுக்கொரு வெள்ளைத் தட்டு. சுவரில் சுண்ணாம்பு வாசனை இல்லை, பெயின்ட். படிக்கமும் கெண்டியும் இருந்த மூலையில் குழாய். சஹன் எங்கே போனது என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வாப்பா யாரென்று பரிமாறிய பையனிடம் நாங்கள் சொல்லவில்லை.

எதிர்மூலை மேசையில் ஒருவர் தனியாக, போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் முடித்துவிட்டோம். நான் எழுந்தேன், வாப்பா எழவில்லை. தட்டில் ஒன்றுமில்லை, ஒரு நாலு பருக்கை. நடுங்குகிற விரல்கள் அதை அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தன. பையன் வந்து, "எடுத்துரலாமா சார்?" என்றான்.

"இன்னும் இல்ல தம்பி."

நான் மறுபடி உட்கார்ந்தேன். எதிர்மூலைக்காரர் போனை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போனார். அதன் பிறகுதான் வாப்பா கையை எடுத்தார்.

குழாயடியில் அவர் கையைப் பிடித்து நனைத்தேன். "அந்த மூலையில இருந்த தம்பி வயிறாரச் சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டாரு வாப்பா" என்றேன். அந்த மனிதரின் தட்டை நான் ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை.