மலரக்கா வீட்டில் எடுத்த படம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் டீ குடிக்க எழுந்து போகிற ஆள் நான். திண்டுக்கல்லில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், ஒரே மாப்பிள்ளையை ஒரே படத்தில் இரண்டு பேராக நிற்கவைத்துச் சம்பாதித்தவன், படத்தில் என்னென்ன பித்தலாட்டம் செய்யலாம் என்று எனக்குத் தெரியாதா? அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். நானும் உங்கள் கட்சியில்தான் இருந்தேன்.

என் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவர் மலரக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் சின்னப் பெண்ணாகச் சித்தியோடு படகேறி வந்து, இங்கே முகாமில் வளர்ந்து, இப்போது எங்களைவிட நன்றாகத் திண்டுக்கல் தமிழ் பேசுவார். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும், தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"தம்பி, எங்க வீடு இருந்த எடத்த மட்டும் ஒரு படம் எடுத்துட்டு வாங்க. வீடு குண்டுல போச்சு, அம்மாவும் அதோட போயிருச்சு. நான் கரை சேந்தேனா, கடல்ல முங்குனேனான்னுகூட அதுக்குத் தெரியாது. அந்த மண்ணையாச்சும் பாக்கணும்."

கல்யாணம் முடிந்த மறுநாள் பழைய பிலிம் கேமராவில் கருப்பு வெள்ளைச் சுருள் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். கல்யாணத்துக்கெல்லாம் டிஜிட்டல்தான், இது என் ஆசைக்கு. இடிந்த ஊர் என்று நினைத்துப் போனால் நகைக்கடை, ஐஸ்கிரீம் கடை, புதுப் பெயிண்ட், சைக்கிள் கூட்டம்! குண்டு துளைத்த சுவர் ஒன்று நிற்கும், அதை ஒட்டியே பளபளவென்று கண்ணாடிக் கட்டிடம் நிற்கும், கருப்பு வெள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும், கிறுக்குப் பிடித்தவன் மாதிரி எடுத்துத் தள்ளினேன். அக்கா சொன்ன இடத்தில் மூன்று மாடி செல்போன் கடை. எதிரே நின்று ஒன்று, கிட்டே போய் ஒன்று, இரண்டு படம் எடுத்தேன். பட்டப்பகல். கேமராவை யார் கையிலும் கொடுக்கவில்லை. என் மனைவியே அதைத் தொட முடியாது.

ஊர் திரும்பி, கடையின் பின்னறையில் நானே சுருளைக் கழுவினேன். செல்போன் கடைப் படங்கள் இரண்டுக்கும் நடுவில் இன்னொரு படம் இருந்தது. அதில் இருந்தது நான்.

நம்பினால் நம்புங்கள். ஒரு வீட்டு முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மடியில் தட்டு, தட்டில் புட்டும் மாம்பழமும். ஓரத்திலிருந்து ஒரு பெண்ணின் கை, ஒல்லியான, வளையல் போட்ட கை, இன்னும் கொஞ்சம் புட்டு வைக்க நீள்கிறது. அந்தக் கைக்காரியைப் பார்த்து நான் ஏதோ சொல்லிச் சிரிக்கிறேன். என் கல்யாண ஆல்பத்தில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

என் மனைவி பக்கத்து ஊர் அகரத்துக்காரி, எதற்கும் அசர மாட்டாள். "எவராச்சும் கூப்ட்டுச் சோறு போட்டுருப்பாக, தின்னுட்டு மறந்துட்டீக. இது என்ன புதுசா? ஆனா படத்துல அம்புட்டு அழகா இருக்கீக" என்றாள். படமெடுத்தது யார் என்று கேட்டேன். படத்தை என் கையில் திணித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அக்காவிடம் காட்டலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். காட்டினேன். செல்போன் கடையை ஒருதரம் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். அடுத்த படத்தில் எனக்குப் பின்னால் இருந்த ஜன்னல் கம்பியை, அதில் மயில் மாதிரி வளைத்திருந்ததை, விரலால் தடவினார். "அப்பா ஆசைப்பட்டுச் செய்யச் சொன்னது" என்றார். பிறகு அந்தக் கையைப் பார்த்தார். "போதும்னாலும் விடாது எங்கம்மா" என்று சிரித்தார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, அத்தனை வருஷத்தில் என்னிடம் ஒருநாளும் பேசாத அவருடைய ஊர்த் தமிழில் கேட்டார்:

"நான் உயிரோட இருக்கிறன் எண்டு அம்மாவிட்டச் சொன்னனீங்களோ தம்பி?"

"சொன்னேன்க்கா" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அக்கா அன்று சாயங்காலம் எங்கள் வரிசைக் கடைகளுக்கெல்லாம் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். நானும் இரண்டு தின்றேன். அந்த வீட்டுக்குள் போனதாக எனக்கு ஒரு துளி ஞாபகமும் இல்லை. ஆனாலும் அக்காவிடம் பொய் சொன்னதாக இன்றுவரை எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.