பியூஸ் போடாத விளக்கு

அங்கமுத்து நாமக்கல்லில் லாரிக்கு வயரிங் பண்ணுகிறவர். வேலையில் கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் வினையாகப் போயிற்று. புதுச்சத்திரம் பக்கம் காட்டுக்குள் இருக்கும் அவர் வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. சோலார் பலகையும் பேட்டரியும் வைத்து, பட்டறையில் மிஞ்சிய மெல்லிய லாரி வயரிலேயே விளக்கு போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குள் குறையில்லை. களத்தைத் தாண்டித் தனியாக இருந்த சமையல்கட்டு விளக்குதான் அழுதுவடிந்தது.

“ஏனுங்க, வெளிச்சமே பத்தலீங்க,” என்றாள் மனைவி சௌந்திரம். குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. கையைச் சுட்டுக்கொண்டாள். பகலிலும் வாசல் நிலையில் இடித்துக்கொண்டாள். அதை இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பல்பை மாற்றினார், பேட்டரியை மாற்றினார். கடைசியில்தான் உறைத்தது: பன்னிரண்டு வோல்ட் மெல்லிய வயரில் அவ்வளவு தூரம் போனால் வழியிலேயே இறங்கிவிடும். லாரி நீளத்துக்குத் தாங்கிய வயர் களத்து நீளத்துக்குத் தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தடித்த கேபிள் வாங்கி வந்து இழுத்தார். பொழுது சாயும்போது சௌந்திரத்தைச் சமையல்கட்டு விளக்குக்குக் கீழே நிற்கவைத்துவிட்டு, வீட்டுக்குள் போய் சுவிட்சைத் தட்டினார்.

“போட்டுட்டேன்! எப்புடி இருக்குது?”

“பளிச்சுனு இருக்குதுங்க!”

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தார். விளக்கு எரியவே இல்லை. அவசரத்தில் பியூஸ் போட மறந்திருந்தார். அவளோ அண்ணாந்து பார்த்துச் சிரித்தபடி நின்றாள்.

“ஏம்புள்ள, லைட்டே எரியலியே!”

அவள் முகம் செத்துப்போயிற்று. “நாளெல்லாம் வெய்யில்ல கெடந்து இழுத்தீங்க. நல்லா இல்லீன்னா மனசு ஒடஞ்சு போயிருவீங்கன்னுதானுங்க சொன்னேன். எரிஞ்சாலும் எரியாட்டியும் எனக்கு இப்பெல்லாம் ஒண்ணாத்தான் தெரியுதுங்க.”

கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் சேலத்து டாக்டர்.

“அந்த நரம்ப மாத்த முடியாதுங்களா?” என்று கேட்டார் அங்கமுத்து.

பேட்டரி மாற்றிய நேரத்தில் அவளை ஒரு தடவை சேலம் பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம்.

இப்போது சமையல்கட்டு விளக்கு பகல் மாதிரி எரிகிறது. சமைப்பது அங்கமுத்துதான். சௌந்திரம் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருப்பாள்.

“லைட்டுப் போட்டுட்டீங்களா?”

“போட்டுட்டேன் புள்ள.”

“நல்லா எரியுதுங்களா?”

அவர் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொல்வார்: “எங்க எரியுது? மங்கலாத்தான் இருக்குது.”