கேப்பைக்களியும் டப்பா காய்கறியும்

1950களில் ஒரு மழைக்காலம். மலைமேல் ஏலத்தோட்டத்தில் காய்ச்சல் பரவியிருந்தது. போடிமெட்டுச் சாலை சரிந்துவிட்டதால், கம்பவுண்டரான நான் மருந்துப் பையோடு அடிவாரத்துக் குரங்கணியிலிருந்து நடந்தே ஏறினேன். நோயாளிகளுக்கான டப்பா காய்கறிப் பெட்டியைத் தலையில் சுமந்தபடி ஒரு பெண் முன்னால் போனார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. திரும்பிப் பேசும்போதுகூடப் பெட்டியில் கை வைக்கமாட்டார்.

பாதி மலையில் ஏற முடியாமல் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தானது என்று படித்ததை நம்பி, காலையில் ஒரு டப்பா பட்டாணி மட்டுமே தின்றிருந்தேன். அவர் பெட்டியை இறக்கிவைத்து, கையிலிருந்த தூக்குச்சட்டியைத் திறந்து கேப்பைக்களியில் பாதியைத் தந்தார்.

"சாப்பிடுங்க தம்பி. மலையேற இதுதான் தாங்கும்."

"அப்போ டப்பா காய் வீண்தானா?"

"யாரு சொன்னா? காய்ச்சக்காரனுக்குக் களி செரிக்குமா? அந்தக் காயை மசிச்சுக் கஞ்சியில கலந்து குடுங்க. ரெண்டும் சேந்தாத்தான் தெம்பு."

என் பையையும் வாங்கிக்கொண்டு நடந்தார்.

மேலே போய் அவர் சொன்னபடியே மசித்துக் கலந்து கொடுத்தேன். வெறும் கஞ்சியை மூன்று நாளாக ஒதுக்கிய ஒரு கிழவர் இரண்டாம் குவளை கேட்டார். அந்தப் பெண்ணிடம் சொல்லலாமென்று வெளியே ஓடினேன். அடுத்த லோடு எடுத்துவர அவர் அதற்குள் பாதிச் சரிவு இறங்கியிருந்தார். நான் கத்திச் சொன்னதற்குக் கையை மட்டும் உயர்த்தினார், நடை நிற்கவில்லை. என்னையறியாமல் கும்பிட்டேன்.