மச்சாளும் அவருடைய காரின் கியர் எண்ணெயும்

வெள்ளிக்கிழமை காலை நான் வறுத்த மாவை அரித்துக்கொண்டிருந்தேன். மகன் படலையைத் திறந்து வந்து, உழவு இயந்திரத்தின் சாவியைக் கையில் வைத்தபடி நின்றான்.

"அம்மா, ஆஸ்பத்திரியில இருந்து போன் எடுத்தவை. மாமி மோசம் போயிட்டா."

"ஓம்" என்றேன். மீதி மாவையும் அரித்து, பேணியில் போட்டு மூடிவிட்டுத்தான் எழும்பினேன். இப்போது அவருடைய முப்பத்தோராம் நாள் சடங்கும் நெருங்கிவிட்டது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. நினைவு மலருக்கு எழுதித் தரும்படி பேத்தி கேட்டாள். அழ முடியாதவள் எழுதவாவது செய்யலாம் என்று இருக்கிறேன்.

செல்வராணி என் கணவரின் தமக்கை. எனக்கு மச்சாள். பக்கத்து வளவில்தான் வீடு. போரின் கடைசிச் சண்டையில் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்கால் கிடைத்தது, ஆனால் பஸ் படிக்கு அது வளையாது. ஒருவர் அக்குளில் பிடிக்க, இன்னொருவர் பின்னால் தள்ள வேண்டும். ஒருநாள் மல்லாவியில் நடத்துநர் அவரைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, "அம்மா ஒரு மூட்டை நெல்லுப் பாரம்" என்று பகிடி விட்டார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். மச்சாளும் சிரித்தார். வீட்டு முற்றத்தில் இறங்கியதும் என்னிடம் சொன்னார்: "தங்கம், இனி என்னை ஒருத்தரும் தூக்கப்படாது."

இரண்டு போகம் கழித்து அவர் ஒரு பழைய கார் வாங்கினார். ஓட்டோமற்றிக் கியர். கிளச் இல்லை, இடது காலுக்கு வேலையே இல்லை. ஊரில் பலர் முகத்தைச் சுளித்தார்கள். மச்சாள் அனுமதிப்பத்திரமும் எடுத்து, நெல்லுக்கும் உரத்துக்கும் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் தானே ஓட்டிப் போனார். பின் இருக்கையில் நான் வெற்றிலைத் தட்டுடன் இருப்பேன்.

நாலாம் வருடம் கார் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. காலையில் கியர்த் தடியைப் போட்டால், யோசித்து யோசித்து, பிறகு ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு வெளிக்கிடும். பரந்தனில் ஒரு மெக்கானிக் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை இழுத்து முகர்ந்து பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய கியர் எண்ணெய் கறுத்துக் கருகிப் போயிருந்தது.

"அக்கா, உதில கை வைக்காதேங்கோ. இவ்வளவு காலம் மாத்தாத எண்ணெயை இப்ப மாத்தினா கியர் பிடிக்காமல் போகும். ஓடுமட்டும் ஓடிப்போட்டு வித்துப்போடுங்கோ."

மச்சாள் காரை மெல்ல வீட்டுக்கு ஓட்டி வந்தார். வீட்டில் இறங்கி, காரின் கூரையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "மாத்தாட்டி இந்த மாரிக்குள்ள நிண்டிடும். மாத்தினா நிக்கவும் கூடும், ஓடவும் கூடும். நிண்டால் நான் திரும்ப நெல்லு மூட்டைதான்."

என் பேத்தி வவுனியாவில் பல்கலைக்கழகம் படிப்பவள். கைபேசியில் இருந்த இங்கிலீசை வாசித்து வாசித்து அப்படியே தமிழில் சொன்னாள். பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஒரேயடியாக முழுவதையும் மாற்றக் கூடாதாம். கியர்ப் பெட்டியின் அடித்தட்டில் இருப்பதை மட்டும் வடித்து, வடிந்ததை அளந்து, அதே அளவு புதிது ஊற்ற வேண்டும். சில கிழமை ஓடிவிட்டு மறுபடியும் அப்படியே. மூன்று தரம்.

சனிக்கிழமை மகன் காரின் முன் சில்லுகளைப் பனங்குற்றிகளில் ஏற்றி, பின் சில்லுகளுக்குக் கல் வைத்துவிட்டு உழவுக்குப் போய்விட்டான். மச்சாள் பொய்க்காலைக் கழற்றி, செருப்போடு கார்க் கதவருகே சாய்த்து வைத்தார்.

"இது இதில நிக்கட்டும். ஆரும் வந்தா நான் எழும்பி நிக்கிறன் எண்டு நினைப்பினம்."

சாக்கை விரித்துப் படுத்து, கைகளால் உன்னி உள்ளே போனார். எண்ணெய் வடிக்கும் ஆணியைத் தளர்த்தும் சத்தம் கேட்டது. எண்ணெய் பேசினில் விழுந்தது. நிறைந்த பேசினை என் பக்கம் தள்ளிவிட்டு, "கவனமா எடுத்து வையும்" என்றார். ஆணிக்குப் புது வளையம் போட்டு இறுக்குவதற்காக உள்ளேயே கிடந்தார்.

எங்கள் வேலிக் கட்டைகளில் கறையான் ஏறிக் கிடந்தது. கழிவெண்ணெயைக் கண்டால் கட்டைக்குப் பூசாமல் விடும் பெண் இந்தப் பக்கத்தில் இல்லை. நானும் பூசுவதற்குத் தும்புக்கட்டையை எடுத்தேன். ஒரு பக்க வேலி முழுக்கப் பூசி முடித்தேன். நல்ல வேலை செய்ததாகத்தான் நினைத்தேன்.

மச்சாள் வெளியே வந்து, பொய்க்காலைப் பூட்டி, அளப்பதற்கு வைத்திருந்த சோடாப் போத்தல்களை எடுத்தார். பேசினைத் தேடினார். பிறகு வேலியைப் பார்த்தார்.

"தங்கம், உம்மட வேலி எத்தினை லீற்றர் குடிச்சது?"

அளவு தெரியாமல் கூடுதலாக ஊற்றினால் எண்ணெய் நுரைக்கும், குறைய ஊற்றினால் கியர் எரியும் என்று பேத்தி வாசித்தது காதில் நின்றது. கார் போனால் என் கையால்தான் போகும்.

மச்சாள் என்னை ஏசவில்லை. குற்றிகளில் நின்ற காரைப் பார்த்து, "தேத்தண்ணிக் கோப்பை ஒண்டு கொண்டு வாரும்" என்றார். "குறைச்சு ஊத்தினால் பிறகு விடலாம். கூட ஊத்தினால் நான் திரும்பப் படுக்கவேணும். நீர் படுக்கிறீரோ?"

குறைவாக மதிப்பிட்டு முதலில் ஊற்றினார். மகனைக் கூப்பிட்டுக் காரைச் சமதரைக்கு இறக்கினோம். என்ஜினை ஓடவிட்டு, தடியை ஒவ்வொரு இடத்திலும் சற்று நேரம் நிறுத்திப் பார்த்து, குச்சியை இழுத்தார். ஒரு கோப்பை. மறுபடியும் குச்சி. இன்னொரு கோப்பை. வீதியில் ஒரு சுற்று ஓடிச் சூடாக்கிவிட்டு வந்து மறுபடியும் குச்சி, இன்னும் அரைக் கோப்பை. அந்தச் சுற்றுக்குக் கிளம்ப முதன்முதல் பின் கியரைப் போட்டபோது கார் அசையவில்லை. மச்சாள் ஸ்டியரிங்கில் கை வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலிப் பக்கம் திரும்பி நின்றேன். பிறகு மண் நெரிபடும் சத்தம் கேட்டது. கார் குலுக்காமல் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இன்னும் இரண்டு தரம் மாற்றினார். இரண்டு தரமும் பேசினை என்னிடம் தரவில்லை. கார் முழுக்கக் குணமானது என்று சொல்ல மாட்டேன். மாரிக் காலையில் கொஞ்சம் யோசிக்கும். ஆனால் அதன் பிறகு மூன்று மாரி ஓடியது.

அந்த வெள்ளிக்கு முதல் நாள் வியாழன் பின்னேரம் மச்சாளுக்கு நெஞ்சு நொந்திருக்கிறது. எங்களில் ஒருவரையும் கூப்பிடாமல் தானே காரை ஓட்டிப் போயிருக்கிறார். இதற்காக நான் அவரோடு கோபம். விடிய அவர் போய்விட்டார் என்ற செய்திதான் எங்களுக்கு வந்தது.

காரை எடுக்க மகனும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசல் காவலாளி வாகனம் நிறுத்தும் கோட்டுக்குள் நேராக நின்ற காரைக் காட்டினார்.

"தள்ளுவண்டி கொண்டு வரட்டோ எண்டு கேட்டனான், அம்மா. வேண்டாம், நான் நடப்பன் எண்டு சொல்லி அவவே உள்ளுக்குப் போனவ."

மகன் உழவு இயந்திரக்காரன். பத்து யார் தூரம் போகவில்லை, பழக்கத்தில் இடது கால் கிளச்சைத் தேடிப் பிறேக்கை மிதித்தது. நான் முன்னால் போய் இடிபட்டேன்.

"இந்தக் காலை என்ன செய்யிறது, அம்மா?"

"மடக்கி வை. அதுக்கு வேலை இல்லை."

மடக்கி வைத்தான். கார் மெல்ல வீதிக்கு ஏறியது. நான் முதன்முறையாக முன் இருக்கையில் இருந்தேன்.

மச்சாள், நீங்கள் நடந்துதான் போனீங்கள். காவலாளி பார்த்திருக்கிறார். அதை இதில் எழுதி வைக்கிறேன், எல்லோரும் வாசிக்கட்டும். சுகமாகப் போங்கோ.