பாகற்காய் போன விமானத்தில் வந்தவர்கள்

தம்புள்ளையிலிருந்து லொறிக்காரர் குமார் தொலைபேசியில் அழைத்தபோது, பலாபத்வலையில் எங்கள் கொட்டகையில் மரக்கறிக்காரர் ஒருவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். "அக்கா, நம்ம மன்சூர் நானா மவுத்தாயிட்டாராம்" என்றார். "காலங்காத்தால விளையாடாதீங்க" என்று எரிந்து விழுந்தேன். முந்தின நாள் மாலைதான் பெட்டிகளின் அளவைப் பற்றி என்னோடு சண்டை பிடித்து, "மிச்சத்த நாளைக்கி ஏசுறன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். பாதிச் சண்டையை வைத்துவிட்டுப் போகிற மனிதரா அவர்? பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் மரண அறிவித்தலில் அவர் பெயர் கேட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களில் பலருக்கு அவர் மரக்கறி முதலாளி. எனக்குக் கூடவே வேலை செய்த அண்ணன். கலேவெலத் தோட்டங்களின் பாகற்காயையும் முருங்கைக்காயையும் வளைகுடா நாடுகளுக்கு விமானத்தில் அனுப்புவது எங்கள் தொழில். லொறியிலேயே வளர்ந்தவர் என்பதால் விமானத்தையும் லொறி என்றுதான் சொல்வார். ஒரு முறை விமானக் கம்பனி அதிகாரியிடம் மிக மரியாதையாக, "சேர், ஒங்கட லொறி இன்டைக்கி எத்தன மணிக்கி எடுக்கும்?" என்று கேட்டார். அந்த மனிதர் திருதிருவென்று விழித்தார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு அந்தத் தொற்று வருடம் வந்தது. எங்கள் மரக்கறிக்கென்று தனி விமானம் கிடையாது. பயணிகளின் காலடியில், அவர்களுடைய பெட்டிகளோடுதான் அதுவும் போகும். பயணிகள் விமானங்கள் நின்றதும் எங்கள் பிழைப்பும் நின்றது. எந்நேரமும் திருவிழாக் கூட்டமாக இருந்த கட்டுநாயக்க விமான நிலைய வாசலில் நாய்கள் நிம்மதியாகத் தூங்கின. கலேவெலவில் பாகற்காய் கொடியிலேயே பழுத்து வெடித்தது.

என் கவலை அதைவிடப் பெரியது. என் தங்கை செல்வி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். வேலை போய், தன்னைப் போன்ற பெண்களோடு ஒரே அறையில் முடங்கிக் கிடந்தாள். "அக்கா, இங்கேயே செத்துருவேன் போல இருக்கு. எப்பிடியாவது கூப்பிட்டுக்கங்க" என்று தினமும் அழுதாள். அவர்களைத் திருப்பி அழைக்க அனுமதி கிடைத்திருந்தது. விமானம்தான் கிடைக்கவில்லை. இங்கிருந்து வெறுமையாகப் போய் ஆட்களை ஏற்றி வருவது கட்டாது என்றார்கள்.

இதை நான் அழுதுகொண்டே சொன்னபோது நானா ஆறுதல் சொல்லவில்லை. அவர் முகம் மலர்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போகக்கொள சும்மாவா போகுது?" என்றார். "அட, இது ரிட்டன் லோட் கத தங்கச்சி!"

தம்புள்ளை வீதியில் இது தெரியாதவர் இல்லை. மரக்கறியோடு கொழும்புக்குப் போகிற லொறி வெறுமையாகத் திரும்பாது. சீமெந்தோ கோதுமை மாவோ எதையாவது பிடித்துக்கொண்டுதான் வரும். அன்றைக்கே நானா விமானக் கம்பனிக்குப் பேசினார். "சேர், போறத்துக்கு நான் நெரப்பித் தாறன். வாறத்துக்கு எங்கட புள்ளைகள ஏத்திக்கிட்டு வாங்க." எவ்வளவு தர முடியும் என்று அதிகாரி கேட்டிருக்க வேண்டும். "ஒங்கட லொறி புடிக்கிற அளவு" என்றார். அந்த நேரம் எங்கள் கொட்டகையில் ஒரு பாகற்காய்கூட இல்லை!

ஆனால் வந்து குவிந்தது. தம்புள்ளையில் அவரோடு முகம் கொடுத்துப் பேசாத வியாபாரிகள்கூட ஊரடங்கு அனுமதி எடுத்துக்கொண்டு வந்தார்கள். எல்லாம் சாக்கு மூட்டைகள். நானா எல்லோரிடமும் "லொறிக்கி மரக்கறி வேணும்" என்றே சொல்லியிருந்தார். லொறி என்றால் சாக்குத்தானே? விமானத்துக்கோ காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டிதான் ஆகும். "நுணலும் தன் வாயால் கெடும்" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "பழமொழிய பொறகு சொல்லுங்க, இப்ப அவுருங்க" என்று முதல் சாக்கை அவரே அவிழ்த்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் முகக்கவசத்தோடு ஓடி வந்தார்கள். பெட்டிகள் நிறைந்தன. கடைசி லொறியின் உடம்பில் ஓங்கித் தட்டி அவர் போட்ட "ரைட்! போகட்டும்!" இன்னும் என் காதில் இருக்கிறது.

விமானம் எழும்பியது. வெறிச்சோடிக் கிடந்த அந்த விமான நிலையத்திலிருந்து எங்கள் பாகற்காயைச் சுமந்துகொண்டு எழும்பியது. மறுநாள் தொலைபேசியில் செல்வியின் குரல் வந்தது. "அக்கா, கட்டுநாயக்கவுல எறங்கிட்டேன்!" கொட்டகை அதிர நான் கத்தினேன். "ஜெயிச்சுட்டோம் நானா!" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த லொறிக்கி முருங்கக்கா சொல்லுங்க" என்றார். அடுத்ததும் போனது, அதற்கடுத்ததும் போனது. ஒவ்வொன்றும் ஆட்களோடு திரும்பி வந்தது. தனிமைப்படுத்தல் முடிந்து வீடு வந்த செல்வியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாவக்கா வாடாமப் போய்ச் சேந்திச்சா புள்ள?"

நானாவின் ஜனாஸா அடக்கத்துக்குப் புறப்பட்டபோது, அப்படித் திரும்பி வந்தவர்கள் வீதியோரம் நின்றார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லோரும் நின்றார்கள். பலரை எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. அழுகைக்கு நடுவிலும் எனக்குக் கர்வமாக இருந்தது.

அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றுதான். வழியே இல்லை என்று யாராவது தலையில் கை வைத்தால், நானும் இப்போது ஆறுதல் சொல்வதில்லை. "எந்தப் பக்கம் சும்மா போகுது?" என்று கேட்கிறேன்.