லோகநாயகி அம்மாளின் உலர்களம்

"வாத்தியாரே, அம்மா பூட்டாங்க" என்று அஞ்சலை தொலைபேசியில் சொன்னபோது கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டிருந்தேன். பேரத்தை முடித்தேன். பை கிழிந்திருக்கிறதென்று வேறு பை கேட்டு வாங்கினேன். அதன் பிறகுதான் உட்கார இடம் தேடினேன். பழம் அவருக்காக வாங்கியது. நான்கு நாட்களாகக் காய்ச்சலில் படுத்திருந்தார்.

லோகநாயகி அம்மாளை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவரைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பதில் ஒன்று பொய். அது என் கையெழுத்தில் இருக்கிறது.

கல்வராயன் மலையடிவாரத்தில், அவருடைய மாமனார் தம் சொத்தில் ஒரு பகுதியைத் தர்மத்துக்கு எழுதிவைத்துப் போனார். கால்நடையாகவும் வண்டி கட்டியும் வரும் வழிப்போக்கருக்குச் சாலையோரத்தில் இடம் கொடுக்க வேண்டும் என்பது சாசனம். அம்மாள் பொறுப்புக்கு வந்தபோது வழிப்போக்கர்கள் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகக் கட்டிய சத்திரத்தில் வௌவால்கள் குடும்பத்தோடு தங்கியிருந்தன. அதைத் திருமண மண்டபமாக்கி வாடகைக்கு விடலாம் என்று உறவினர்கள் யோசனை சொன்னார்கள். கல்யாணத்துக்கு வருகிறவர்களும் வழியில் வந்து போகிறவர்கள்தானே என்று ஒரு பங்காளி சாசனத்துக்குப் பொருளும் சொன்னார்.

அந்த வாரம் சாலையில் காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தில் ஒருவர் இருசக்கர வண்டியோடு சறுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் தார்ச்சாலையின் ஒரு பாதி அரசாங்கத்துக்கு, மறு பாதி மக்காச்சோளத்துக்கு. அம்மாள் அறக்கட்டளைக் கூட்டத்தில் சொன்னார்: "வழிப்போக்கனுக்கு எடம் குடுன்னுதான எழுதிக்கீது? மொதல்ல வழியில காயற சோளத்துக்கு எடம் குடுப்போம். வழி தானா காலியாவும்." சாசனத்தைப் புரட்டிய வக்கீலுக்கு இதை மறுக்க ஒரு வரியும் கிடைக்கவில்லை. சத்திரம் இருந்த இடத்தில் சிமெண்டு உலர்களம் வந்தது.

களத்துக்கு முறை உண்டு. முதலில் வந்தவர் முதலில் காயப்போடலாம், மூன்று நாள். அம்மாளின் வீட்டுத் தானியமும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். களத்தில் பெயர்ப்பலகை கிடையாது. அறக்கட்டளைக் கூட்டங்கள் களத்திலேயே நடக்கும், எல்லோரும் நின்றுகொண்டு. நாற்காலி போடலாமே என்று ஒருமுறை கேட்டேன். "போட்டா எழுந்துக்க மாட்டாங்க" என்றார்.

கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டு, பத்திரிகைகளில் நையாண்டிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்த என்னைச் செயலாளராக்கியது அவர்தான். நான் அதிகம் கேலி செய்தது குடும்ப அறக்கட்டளைகளை. தாத்தா பெயரில் தர்மம், பேரன் பெயரில் கார் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் ஆள் அனுப்பினார். "வெளியில நின்னு சிரிக்கிறதுக்கு உள்ள வந்து சிரிங்க. எங்குளுக்கும் ஜாக்கிரதையா இருக்கும்."

அவருக்கு ஒரே மகன், சேகர். நிலத்தையும் களத்தையும் அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஓர் ஐப்பசியில், மலை மேல் கறுத்துக்கொண்டு வந்த பிற்பகலில், அவன் டிராக்டரில் மக்காச்சோளம் கொண்டுவந்தான். நானும் களத்தில் இருந்தேன். களத்தில் அது அஞ்சலையின் முறை. கணவனை இழந்து, முக்கால் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவள் அஞ்சலை. களத்தின் ஒரு மூலையில் கூரை போட்ட பகுதி உண்டு. முறைக்காரர் மழைக்கு அங்கே ஒதுக்கிக்கொள்ளலாம். அவள் டிராக்டரைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், தன் சோளத்தைக் கூட்டி அள்ள ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா பண்ற?" என்றான் சேகர்.

"உங்குளுது ஜாஸ்தி சின்னவரே. நனைஞ்சா வீணாப்பூடும். எனுது கம்மி, வூட்டாண்ட எப்படியாச்சும் ஒதுக்கிக்குவேன்."

"வேணாங்கா. முறை உன்னுது. அம்மா கொன்னுடும் என்னை."

"அம்மாவாண்ட நான் சொல்லிக்கிறேன். பெரிய வூட்டு சோளம் நனையும், என்னுது கூரையில காயுமா? ஊரு துப்பும்."

இரண்டு முறை மறுத்தான். மூன்றாம் முறை தூறல் விழுந்தது. என்னைப் பார்த்து, "சார், நீங்க சாட்சி" என்றான். தலையாட்டினேன்.

மழை ஐந்து நாள் விடவில்லை. அஞ்சலையின் சோளம் சாக்கிலேயே முளைவிட்டுப் பூசணம் பிடித்தது. அவள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு வெளியூர் போய்விட்டாள். சேகர் அவளைத் தள்ளிவிட்டுக் களத்தைப் பிடுங்கிக்கொண்டான் என்று ஊர் பேசியது. கூட்டம் கூடியது.

"களத்த நீ எடுத்தியா?" என்று அம்மாள் கேட்டார்.

"எடுத்தேன்."

"முறை யாருது?"

"அஞ்சலக்காளுது."

"வேற இன்னா சொல்லணும்?"

சேகர் என்னைப் பார்த்தான். அவள்தான் கொடுத்தாள் என்று தானே சொல்லிக்கொள்ள அவனுக்குக் கூச்சம். நான் பேசியிருக்க வேண்டும். பயத்தால் பேசாமல் இருந்தேன் என்றால் மன்னிப்புக்கு வழியுண்டு. எனக்கு யாரிடமும் பயமில்லை. மகனுக்காக அறக்கட்டளை நடத்தும் குடும்பங்களைப் பத்து வருடம் கேலி செய்து எழுதியவன் முன்னால், ஒரு தாய் அறக்கட்டளைக்காக மகனை விலக்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு அழகான கதையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. "ஏழைப் பெண்ணின் முறையை வலிந்து பறித்தமையால்" என்று தொடங்கி, சேகரைக் களப் பொறுப்பிலிருந்து நீக்கும் தீர்மானத்தை எழுதினேன். நல்ல வாக்கியம். எழுதி முடித்ததும் அதை இன்னொரு முறை படித்துப் பார்த்து மகிழ்ந்தேன்.

சேகர் அடுத்த மாதமே உளுந்தூர்பேட்டைக்குப் போய் லாரி உதிரிபாகக் கடை வைத்தான்.

தை முடிந்து அஞ்சலை திரும்பி வந்து நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அன்றே அம்மாள் கல்லூரிக்கு வந்தார். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே கேட்டார்.

"நீங்க அங்க இருந்தீங்களாமே?"

"இருந்தேம்மா."

"அவ மரியாதைன்னு நெனச்சிக்கினு பயந்து குடுத்திருக்கா. அத இவன் வாங்கினது தப்புதான். ஆனா பறிச்சான்னு எழுதினது பொய் வாத்தியாரே. மாத்தி எழுதுங்க" என்றார். மாற்றி எழுதினேன். சேகரைத் திரும்ப அழைக்கும் தீர்மானமும் எழுதினேன். பெரிய வீட்டுக்காக யாரும் முறையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற விதியும் அன்றுதான் வந்தது. ஏன் பேசவில்லை என்று அவர் என்னைக் கேட்கவேயில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. முதல் தீர்மானத்தை ஊரே மனப்பாடமாகச் சொன்னது. திருத்தத்தை ஒருவரும் படிக்கவில்லை.

அவரே உளுந்தூர்பேட்டைக்குப் பேருந்தேறினார். திரும்பி வந்ததும், "கடை நல்லா ஓடுது" என்றார். சேகர் கூட வரவில்லை. அதிலிருந்து மாதம் ஒருமுறை கண் டாக்டரைப் பார்க்க என்று உளுந்தூர்பேட்டை போய்வந்தார். மலைச்சரிவில் மேயும் ஆடு யாருடையது என்று அடிவாரத்திலிருந்தே சொல்லக்கூடிய கண் அது. ஒன்பது வருடம் நாங்கள் எல்லோரும் அந்தக் கண்ணைப் பற்றி மரியாதையாக விசாரித்தோம்.

கொள்ளி வைக்கச் சேகர் வந்தான். எல்லாம் முடிந்து வீட்டு வாசலில் கால் கழுவும் இடத்தில் அவனிடம் போய், "அன்னைக்கு நான் பேசியிருக்கணும் சேகர்" என்றேன்.

"அம்மா மொத தபா வந்தப்பவே சொல்லிச்சு சார்" என்றான். "'நான்தான்டா யாரையும் கேக்காம எழுதச் சொன்னேன். வாத்தியாரு பேச வந்தாரு, நான்தான் கையமத்திட்டேன். அவரு மேல குத்தமில்ல'ன்னுச்சு."

நான் பேச வரவில்லை. அவர் கையமர்த்தவும் இல்லை.

அவன் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டான். "அதான் சார் ஆறவே இல்ல. வேற யாராச்சும் பண்ணியிருந்தா நாலு நாள் திட்டிட்டு வூட்டுக்கு வந்திருப்பேன். சாட்சி சொல்ல வந்தவரையே பேசவுடலன்னா, அது பெத்த தாயா? மாசா மாசம் வந்து எதிர் டீக்கடையில குந்திக்கினு இருக்கும். பஸ்ஸு வந்தா எழுந்து பூடும். நான் தலைய தூக்கினதே இல்ல சார். ஒன்பது வருசம்."

அவனிடம் உண்மையைச் சொன்னேன். என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அஞ்சலை ஓடிவந்து அவன் தலையைத் தன் முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நினைவுக் கூட்டம் நடந்தது. எட்டுப் பேர் பேசினார்கள். பெற்ற மகனையே தள்ளிவைத்த தர்மதேவதை என்று எட்டுப் பேரும் சொன்னார்கள். அதில் இருவர் என் வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தார்கள். மகன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். எழுந்து பேச என்னாலும் முடிந்திருக்கும். இரண்டாம் முறையும் பேசவில்லை. எனக்கு எழுதத்தான் வரும், ஆகவே எழுதுகிறேன். சேகர் யாருடைய முறையையும் பறிக்கவில்லை. லோகநாயகி அம்மாள் யாரையும் கையமர்த்தவில்லை. சாட்சி பக்கத்திலேயே, பேனாவோடு, வாய் திறக்காமல் நின்றான்.

இப்படிப்பட்ட கட்டுரையின் முடிவில், போனவரிடமிருந்து தனக்குக் கிடைத்த நற்குணம் ஒன்றைச் சொல்வது வழக்கம். அவரிடமிருந்து அப்படி எதையும் நான் கற்றுக்கொள்ளவில்லை. கற்றிருந்தால் அவர் உயிரோடு இருக்கும்போதே அந்த டீக்கடைக்கு எதிரில் இருந்த சேகர் கடைக்குள் நான் போயிருப்பேன். என்னுடைய குற்றம் ஒன்றை அவர் வாங்கிக்கொண்டு போய்த் தன் மகனிடம் தன்னுடையது என்று கொடுத்தார். அதற்கு விலையாக மகனையே கொடுத்தார். அந்தக் குற்றம் இப்போது என்னிடமே திரும்பி வந்துவிட்டது. நான் வைத்துக்கொள்கிறேன், அம்மா.