பீரங்கி ஏறிய வழி

பெட்டியைத் தரையில் வைக்கக்கூட விடமாட்டார். வாசலில் ஆள் நிழல் தட்டியதுமே விடுதிக்கார அம்மாவுக்கு நாக்கு துறுதுறுக்கத் தொடங்கிவிடும். "வாங்க வாங்க, பஸ்ஸுல வந்தீங்களா? இன்னிக்குக் கோட்டைப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதீங்க. இந்த வெயிலுக்குக் கல்லு கொதிக்கும். காலையில போங்க. இன்னிக்கு மணிக்கூண்டு!" அறை வாடகையும் வெந்நீர் வரும் நேரமும் அப்புறம்தான்.

பழைய ராஜாக்கள் கட்டிப்போட்டுவிட்டுப் போன ஊர் அது. கோட்டை, அரண்மனை, மணிக்கூண்டு என்று எந்தத் தெருவில் திரும்பினாலும் ஏதாவது ஒன்று முன்னால் வந்து நிற்கும். அத்தனையும் தம் மாமனார் எழுதிவைத்த சொத்து என்பதுபோல்தான் அந்த அம்மா பேசுவார். "மணிக்கூண்டுக்கு எதிர்ல டீ குடிக்காதீங்க, அங்க விலை மட்டும்தான் சூடா இருக்கும். ராஜா வீட்டுப் பேரன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் ஒட்டிக்குவான். விடுதி அக்கா அனுப்பினாங்கன்னு சொல்லுங்க, ஆளே இருக்கமாட்டான். அப்புறம், பாத்ரூம் போயிட்டு மேல ஏறுங்க. உச்சியில ராஜாவுக்கே அந்த வசதி கிடையாது." யாராவது மேப் கேட்டால் கோபம் வரும். "எந்தச் சந்துல நாய் துரத்தும்னு மேப்புல போட்டிருக்கா?"

சாயங்காலம் ஊர் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களை வாசலிலேயே மடக்கி, "எது பிடிச்சுது?" என்று கேட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டால் போச்சு. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒருமுறை ஓர் ஆசாமி நாள் முழுக்க அறையில் தூங்கிவிட்டு ஒன்றையும் பார்க்காமல் கிளம்பிப் போனார். இத்தனை வருஷம் கழித்தும் அவர் பேச்சை எடுத்தால் இந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிடும்.

போன மாதம் ஒரு மத்தியான நேரம், லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். உயரமான மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த அம்மா வழக்கம்போல் ஆரம்பித்தார். கோட்டையின் முன்வாசலில் எந்தப் பக்கமாக ஏற வேண்டும், மணிக்கூண்டில் எந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்க வேண்டும், அரண்மனை மாடத்துக்குப் போகும் குறுகலான படிக்கட்டில் தலையை எங்கே குனிய வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஓட்டுநர் சங்கடத்துடன் நெளிந்தார். அப்போது மேஜைக்குக் கீழே இருந்து ஒரு குரல் வந்தது.

"படி இல்லாத இடம் ஒண்ணுகூட இல்லையாக்கா?"

அம்மா எட்டிப் பார்த்தார். சக்கர நாற்காலியில் ஒரு பெண் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநரின் தங்கை. தையல்கடை வைத்திருக்கிறாள். ஆட்டிக்கொண்டிருந்த கையை அந்த அம்மா மெல்லக் கீழே இறக்கினார்.

"விடுங்கக்கா, எனக்குப் பழக்கம்தான்" என்றாள் தையல்காரி. "எங்க போனாலும் 'நான் கீழயே இருக்கேன், நீ பாத்துட்டு வா'ன்னுதான் சொல்லுவேன். இவன் மேல போயி போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுவான். அதுல பாதி அவன் விரலுதான் இருக்கும்."

"நாளைக்கு மத்தியானம் கிளம்பிடலாம்மா" என்றார் அண்ணன் மெதுவாக.

அவர்களைக் கீழ் அறைக்கு அனுப்பிவிட்டு அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. இவ்வளவு காலம் ஊரையே வாயில் வைத்துக்கொண்டு திரிந்தோம், ஒரு பெண்ணுக்குச் சொல்ல ஒரு வழி இல்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். இந்தப் பெண்ணும் ஒன்றும் பார்க்காமல் போய்விட்டால் தாங்கவே முடியாது என்று தோன்றியது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கணவரை உலுக்கி எழுப்பினார். விடுதியின் சலவையைக் கவனிக்கிற அவர் பேச்சில் மகா சிக்கனம்.

"வாங்க, வந்து துணி வண்டியில உக்காருங்க."

"ஏன், என்னைத் துவைக்கப் போறியா?"

"ஆள் எடை வேணும். ஏறுங்க."

சலவைத் துணி ஏற்றும் நாலு சக்கரத் தள்ளுவண்டியில் மனிதர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார, அம்மா தள்ளிக்கொண்டு கிளம்பினார். எதிரே வந்த பால்காரர் பதறிப்போய், "அண்ணனுக்கு என்னக்கா ஆச்சு?" என்றார். "ஒண்ணும் ஆகல. ஊர் சுத்திப் பாக்கிறாரு!"

மணிக்கூண்டுக்குப் போகும் தெருவில் கருங்கல் பாவிய தரை வண்டியைக் குலுக்கி எடுத்தது. சரி, அந்தத் தெரு வேண்டாம். அரண்மனைப் பக்கம் சாக்கடை மூடி குறுக்கே நின்றது. கோட்டை முன்வாசலில் படிகள் மலைபோல் எழுந்தன. அம்மா வேர்த்து விறுவிறுத்துப்போய் நின்றார். கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் வண்டிக்குள் இருந்தவர் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, அவ்வளவு பெரிய பீரங்கியெல்லாம் மேல இருக்கே. படியிலயா ஏத்தினாங்க?"

அம்மா அவரை உற்றுப் பார்த்தார். அடுத்த நிமிஷம் வண்டி தெறித்து ஓடியது. கோட்டையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால், புதர் மண்டிய ஓர் இரும்புக் கதவுக்கு அப்பால், மதிலை ஒட்டி அகலமான கல் சரிவு வளைந்து வளைந்து உச்சிக்கே போய்க்கொண்டிருந்தது!

"இந்தக் கதவைத் திறக்க மேலிடத்துல கேக்கணும்" என்றார் காவலாளி.

"புல்லு வெட்டுற வண்டிக்கு எந்த மேலிடத்தைக் கேட்டுத் திறக்கிற?"

காவலாளி தலையைச் சொறிந்தார். கதவு திறந்தது. கணவரோடு வண்டியை உச்சிவரை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் அம்மா இறங்கினார்.

விடுதிக்குத் திரும்பியவர் மூச்சு வாங்கக்கூட நிற்காமல் கீழ் அறைக் கதவைத் தட்டினார். "கிளம்பு கிளம்பு! கல்லுத் தெரு வேண்டாம், துணிக்கடைத் தெரு வழியாப் போ. முன்வாசல்ல நிக்காதே, பின்பக்கம். பீரங்கி போன வழியில நீ போறே! முதல் வளைவுல நிழல் இருக்கு, அண்ணனை அங்க உக்கார வை, பாவம். பாத்ரூம் போயிட்டுப் போ!" ஊருக்குக் கிளம்பும் யோசனையை அண்ணன் கைவிட்டார்.

அன்று பகல் அந்த அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெந்நீர் கேட்டவருக்குச் சாவியைக் கொடுத்தார். வாசலுக்கும் மேஜைக்கும் நடையாய் நடந்தார். வெயில் சாயும் வேளையில் சக்கர நாற்காலி தெருமுனை திரும்பியது. "எது பிடிச்சுது?" என்று கேட்கக்கூட அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. தையல்காரி வரும்போதே கத்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, உச்சிக்கே போயிட்டேன்க்கா! ஊரே தெரிஞ்சுது! உங்க மாடியில காயுற துணிகூடத் தெரிஞ்சுது! ஆனா அந்தக் கல்லு சுமக்கிற ஆளுங்களைப் பத்தி நீங்க சொல்லவே இல்லையே?"

"எந்த ஆளுங்க?"

"சரிவுல, சுவத்துல. கடைசி ஆளைப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது."

காலையில் அந்தச் சுவரை உரசிக்கொண்டுதானே வண்டி தள்ளினோம் என்று அம்மாவுக்குக் குழப்பம். தெரியாத ஒன்று தன் ஊரில் இருக்கிறது என்றால் ராத்திரி எப்படித் தூங்குவது? மேஜையைக் கணவரிடம் விட்டுவிட்டு, அண்ணன் தங்கையை மறுபடி திருப்பிக்கொண்டு புறப்பட்டார்.

சரிவின் முதல் வளைவைத் தாண்டியதும் தையல்காரி கையைக் காட்டினாள். அம்மா சுவரை மேலும் கீழும் தேடினார். "ஒண்ணையும் காணோமே?"

"நின்னா தெரியாதுக்கா. அந்தக் கல்லு மறைக்குது."

இடுப்பளவில் ஒரு கல்வரிசை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அம்மா உடுத்தியிருந்த நல்ல துணியைப் பற்றி யோசிக்கவில்லை. சக்கர நாற்காலியின் பக்கத்தில், புழுதியில், தொப்பென்று உட்கார்ந்தார். துருத்திய கல்லுக்கு அடியில், விரல் நீளத்தில் செதுக்கிய மனிதர்கள் வரிசையாகக் கல் சுமந்து மேலே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு நாக்குத் தள்ளியிருந்தது. கடைசி ஆள் மட்டும் கல்லைக் கீழே போட்டுவிட்டு, அதன் மேலேயே காலை நீட்டி உட்கார்ந்து, போகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடப் பாவி!" என்றார் அம்மா.

கோட்டை மூடும் நேரம் என்று விசில் ஊதிக்கொண்டே காவலாளி சரிவில் இறங்கி வந்தார். "எழுந்திரிங்கக்கா, நேரமாச்சு" என்று குனிந்தார். அம்மா சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு கையை நீட்டி, அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்து, தம் பக்கத்தில் உட்காரவைத்தார்.